பந்து டீச்சரின் கணக்கு வகுப்பு

அந்த நடுநிலைப் பள்ளிக்கு வேலைக்கு வந்த நாளில் அவள் கையில் ஒரு பந்தும், அதற்குக் காற்றடிக்கும் பம்பும் இருந்தன. கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. உடற்பயிற்சி ஆசிரியை என்றுதான் வேலை உத்தரவில் போட்டிருந்தது. ஊர் அந்த நீளமான பேரை ஒருமுறை வாயில் போட்டுப் பார்த்தது, சரிப்படாது என்று துப்பிவிட்டது, ‘பந்து டீச்சர்’ என்று வைத்துக்கொண்டது. அன்றிலிருந்து அவளுக்கு அதுதான் பேர்.

நல்ல உயரம். நடந்து வந்தால் எதிரில் வருகிறவர்கள் தாமாகவே ஓரம் ஒதுங்குவார்கள். படிக்கிற காலத்தில் குண்டு எறிதலில் அவளை அடிக்க ஆள் கிடையாது. “பொண்ணாப் பொறந்து குண்டு எறியறா, இவள எவன் கட்டுவான்?” என்று அவள் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். கட்டினவர் ஒரு பஸ் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் அவள் தாவி ஏறிய அழகைப் பார்த்து மயங்கித்தான் பெண் கேட்டு வந்தேன் என்று அவர் இன்றைக்கும் சொல்லுவார். டிக்கெட் எடுக்காமல் இறங்கப் போனவளைத் துரத்திப் பிடித்தார் என்பதுதான் உண்மை. அந்த வீட்டில் ஆளுக்கொரு விசில் உண்டு. சண்டை முற்றினால் யார் முதலில் எடுத்து ஊதுகிறாரோ அவர் கட்சி ஜெயித்தது என்று ஏற்பாடு.

பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பறைகள். அதில் இரண்டின் கூரை மழைக்கு வழி விட்டுவிட்டதால், ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வகுப்பும் ஒரே நீளக் கூடத்தில் குடியிருந்தன. ஆறாம் வகுப்பு ஒரு சுவரைப் பார்த்து உட்காரும், ஏழாவது எதிர்ச்சுவரை, எட்டாவது கடைசிச் சுவரை. சண்டை போட்டுக்கொண்ட குடும்பம் மாதிரி ஒருவருக்கொருவர் முதுகு காட்டிக்கொண்டு படிப்பார்கள்.

ஆரம்பத்தில் ஆசிரியர்களும் இருக்கத்தான் செய்தார்கள். மொழிப்பாடம் எடுத்தவர் ஓய்வு பெற்றார். அறிவியல் டீச்சர் வீட்டுக்காரர் ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். கணக்கு சார் கதைதான் விசேஷம். அவர் வேலையில் சேர்ந்த அன்று காலையில் வந்தார், டீ குடித்தார், ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்தார். மதியமே மாற்றுப்பணி என்ற பேரில் நகரத்தில் இருந்த கல்வி அலுவலகத்துக்குப் போய் நாற்காலி போட்டுக்கொண்டார். சம்பளம் இந்தப் பள்ளியின் பேரில், உடம்பு அந்த அலுவலகத்தின் மின்விசிறிக்குக் கீழே. வேறு கணக்கு ஆசிரியர் கேட்டால், ‘உங்களிடம்தான் ஆள் இருக்கிறாரே’ என்று பதில் வரும். இப்படி வருஷங்கள் ஓடின. அவரைப் பார்த்த பிள்ளைகள் எல்லாம் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள், இப்போது படிக்கிறவர்களுக்கு அவர் முகமே தெரியாது.

தலைமையாசிரியரைப் ‘பெரிய சார்’ என்பார்கள். அவருக்குக் கூட்டங்களுக்குப் போகிற வேலை. கூட்டம் இல்லாத நாளில், அடுத்த கூட்டம் எப்போது என்று விசாரிக்கப் போய்விடுவார். ஒருநாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பந்து டீச்சரைக் கூப்பிட்டார்.

“டீச்சர், கொஞ்ச நாளைக்குக் கணக்கையும் நீங்களே பாத்துக்குங்க.”

“சார், எனக்குக் கணக்கு வராது.”

“எனக்கு மட்டும் வருதா? பசங்க ஓடிப் போகாமப் பாத்துக்குங்க, அது போதும்.”

ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. பந்து டீச்சர் சாக்கட்டியை எடுத்தாள். மற்ற பாடங்களைப் புத்தகத்தை வாசித்தே ஓட்டிவிடலாம். கணக்கு அப்படி விடுமா? ராத்திரி சாப்பாடு ஆனதும் புருஷனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மறுநாள் பாடத்தைப் பார்ப்பாள். சில்லறைக் கணக்கில் அவர் புலி. எக்ஸ், ஒய் என்று எழுத்து வந்துவிட்டால் மட்டும் புலிக்கு வேர்த்துவிடும்.

“இந்த எக்ஸு எந்த ஸ்டாப்புல ஏறினான்னு சொல்லு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்” என்பார்.

முதல் மாதமே அவள் தொண்டை கட்டிப்போனது. மூன்று சுவருக்கும் சேர்த்துக் கத்தினால் வேறென்ன ஆகும்? இன்னும் கத்தினால் குரலே போய்விடும் என்று டாக்டர் மிரட்டினார். அப்போதுதான் கழுத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த விசில் அவள் கண்ணில் பட்டது. சின்னதாக ஒரு ஊதல் என்றால் வாயை மூடு. இரண்டு என்றால் அடுத்த கணக்குக்குப் போ. நீளமாக ஒன்று ஊதினால் நோட்டை வலப்பக்கம் இருக்கிறவரிடம் கொடு. வரிசையில் கடைசி ஆள் எழுந்து நடந்து போய் முதல் ஆளிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும். பிறகு ஒருவர் நோட்டை ஒருவர் திருத்துவார்கள்.

இது ஏதோ புதுமையான கற்பித்தல் முறை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மூன்று வகுப்பு நோட்டையும் திருத்த அவளுக்கு நேரம் இல்லை. எட்டாம் வகுப்பு நோட்டைத் திருத்த விஷயமும் இல்லை. விடையில் தகராறு வந்தால் கை தூக்கச் சொல்லுவாள். எந்த விடைக்குக் கை அதிகமோ அதுதான் சரி. ஒருமுறை எல்லாக் கையும் ஒரு பக்கம் தூக்கியிருக்க, புத்தகத்தின் பின்பக்கம் வேறு விடை சொன்னது. “அச்சுல தப்பு விட்டிருக்கான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள்.

ஆனால் ஒன்று, பிள்ளைகள் தூங்கவில்லை. அடுத்தவன் நோட்டில் தப்புப் போடுகிற சுகத்துக்காகவே விழுந்து விழுந்து கணக்குப் போட்டார்கள். எட்டாம் வகுப்பில் ‘வக்கீல்’ என்று ஒரு பெண். அரை மதிப்பெண்ணுக்கு அரை மணி நேரம் வாதாடுவாள். அவளிடம் மாட்டிய நோட்டு சிவப்புப் பென்சில் கோடு இல்லாமல் திரும்பியதே கிடையாது. டீச்சருக்கு அவள் என்றால் பயம் கலந்த பிரியம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியின் சக்கரத்தில் ஒரு கட்டை விழுந்தது. சின்னப் பள்ளிகளின் எட்டாம் வகுப்புக்கெல்லாம் கணக்கில் ஒரு பொதுத் தேர்வு வைக்கப் போகிறார்கள், நகரத்துப் பள்ளியில் போய் எழுத வேண்டும், தேறாத பள்ளியில் அடுத்த வருஷத்திலிருந்து எட்டாம் வகுப்பு கிடையாது என்று பெரிய சார் ஒரு கூட்டத்திலிருந்து செய்தி கொண்டு வந்தார். அவர் கூட்டத்துக்குப் போய் உருப்படியாகக் கொண்டு வந்த ஒரே சரக்கு அதுதான்.

நகரத்துக்குக் காலையில் ஒரு பஸ், இருட்டின பிறகு ஒரு பஸ். எட்டாவது படிக்க அதில் பெண் பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்? வக்கீலின் தங்கை ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். அவர்களுடைய அம்மா பள்ளிக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

“மூத்தவ எப்படியோ எட்ட முடிச்சிருவா டீச்சர். இங்க எட்டாவது இல்லேன்னா சின்னவள ஏழோட நிறுத்திருவோம். எங்கள நீங்க கோவிச்சுக்கக் கூடாது.”

அவள் போன பிறகு டீச்சர் ஏழாம் வகுப்பு வரிசையைப் பார்த்தாள். பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். தனக்குத் தெரியாத ஒன்றை இத்தனை நாள் நடத்திய பாவத்துக்கு இந்தப் பிள்ளைகள் தலையில் கல் விழப் போகிறதே என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை அவளுக்கு.

தேர்வு நாளில் பிள்ளைகளை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போனாள். பேனாவை இரண்டாக எடுத்துக்கொள், கேள்வியை இரண்டு தடவை படி, பக்கத்தில் பார்க்காதே, தெரியாததை விட்டுவிட்டுத் தெரிந்ததைப் போடு என்று வழி நெடுக ஓதினாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அவளுடைய பிள்ளைகளுக்கு நகரத்துப் பள்ளியில் தனி அறை கிடைத்தது. டீச்சர் எதிர் வராந்தாவில் நின்றுகொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எல்லாத் தலையும் குனிந்திருந்தது. வக்கீல் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினாள். அவள் நாக்கு வெளியே வந்தால் கணக்கு பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். டீச்சருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அந்த நேரம் பார்த்து, பின்பக்க மைதானத்தில் அந்தப் பள்ளியின் விளையாட்டு சார் ஆட்டத்தை நிறுத்த நீளமாக ஒரு விசில் ஊதினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

டீச்சர் கண்ணெதிரே அது நடந்தது. ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை. எல்லாக் கையும் ஒரே சமயத்தில் விடைத்தாளை எடுத்து வலப்பக்கம் கொடுத்தது. வரிசையின் கடைசியில் இருந்த பையன் எழுந்தான், கண்காணிப்பாளரின் மேஜையைத் தாண்டி ராஜநடை போட்டுப் போய் முதல் பெஞ்சில் தன் தாளைக் கொடுத்தான், திரும்பி வந்து உட்கார்ந்தான். வக்கீல் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தாள்.

“ஐயோ, போச்சு!” என்று டீச்சர் வராந்தாவில் இருந்தபடியே கத்திவிட்டாள்.

கண்காணிப்பாளர் ஒரு கணம் பேயறைந்த மாதிரி நின்றார். அவர் பார்த்த காப்பியெல்லாம் டெஸ்க்குக்கு அடியில் நடப்பது. இப்படிப் பட்டப்பகலில், நடுக்கூடத்தில் நடந்து போய்ச் செய்கிற காப்பியை அவர் பார்த்ததில்லை. பிறகு குரல் வந்தது.

“திருட்டுப் பசங்களா! எல்லாரும் எழுந்திருங்க! பேனாவ கீழ வை!”

அந்தக் குரல் டீச்சருக்கு எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. அறைக்குள் ஓடினாள். முகத்தைப் பார்த்தாள். தலை கொஞ்சம் வழுக்கை விழுந்து, தொப்பை கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. மற்றபடி, ஒரு காலையில் வந்து டீ குடித்துவிட்டு ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்த அதே மனுஷர்தான். அவருக்கு அவளையும் தெரியவில்லை, பிள்ளைகளையும் தெரியவில்லை, அது எந்தப் பள்ளி என்று அவர் பார்க்கவும் இல்லை.

சத்தம் கேட்டுக் கல்வி அதிகாரி வந்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்திப் பார்க்கிற, அதிகம் பேசாத அம்மாள். கணக்கு சார் மூச்சு வாங்க முறையிட்டார்.

“கையும் களவுமாப் பிடிச்சேன் மேடம். மொத்த வகுப்பும் காப்பி. இந்தப் பள்ளிய ரத்து பண்ணணும்.”

“காப்பி இல்ல மேடம்” என்றாள் டீச்சர். “விசில் கேட்டா இவங்க தாள மாத்திக்குவாங்க. திருத்தறதுக்கு. அது பழக்கம்.”

“நல்ல கதையா இருக்கே” என்றார் கணக்கு சார்.

“காப்பி அடிக்கறவன் அடுத்தவன் தாள்ல எதுக்கு சார் தப்புப் போடறான்? இதப் பாருங்க மேடம்.” டீச்சர் வக்கீல் கையில் இருந்த தாளைப் பிடுங்கி நீட்டினாள். முதல் கணக்கின் மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி ஒன்று உட்கார்ந்திருந்தது. தாளுக்குச் சொந்தக்காரன் அதை எட்டிப் பார்த்துவிட்டு, அந்த நிலைமையிலும், “ஏய், அது சரிதான்டி” என்றான்.

“மூணாவது வரிய பாருடா, அப்புறம் பேசு” என்றாள் வக்கீல், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அதிகாரி கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்தார். “எல்லாரும் உக்காருங்க. ஆளுக்கு ஒரு வெள்ளத்தாள் குடுங்க. வாய்ப்பாடு எழுதட்டும்” என்றார். பிறகு டீச்சரிடம் கை நீட்டி விசிலை வாங்கிக்கொண்டு அறைக்குப் பின்பக்கம் போனார். முதல் ஊதலில் காற்றுதான் வந்தது. விசில் ஊதிப் பழகாத வாய். இரண்டாவது தடவை கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினார்.

பிள்ளைகள் பயந்து வெளிறிப் போயிருந்தார்கள். பாதிப் பேருக்குக் கண்ணீர் நிற்கவில்லை. இருந்தும் அத்தனை தாளும் வலப்பக்கம் நகர்ந்தது. கடைசிப் பையன் எழுந்து பாதி தூரம் நடந்த பிறகுதான் தான் நடப்பதே அவனுக்குத் தெரிந்தது. அங்கேயே நின்று ஓவென்று அழுதான்.

“கை தானாப் போகுது மேடம்” என்று தேம்பினாள் வக்கீல். “நாங்க வேணும்னு செய்யல.”

அதிகாரி உள்ளே வந்தார். அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு வரப் பார்த்து, பதவியை நினைத்துக்கொண்டு திரும்பிப் போனது.

“நீங்க விளையாட்டு டீச்சர்தானே? கணக்கு வகுப்புல நீங்க ஏன் விசில் ஊதறீங்க?”

எல்லாரும் இங்கேதான் பொய் சொல்லுவார்கள். ‘கணக்கு சார் இன்றைக்கு லீவு, நான் சும்மா பார்த்துக்கொண்டேன்’ என்பதுதான் பெரிய சார் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருந்த பதில். உண்மையைச் சொன்னால் தெரியாத பாடத்தை நடத்தியதற்காக வேலைக்கே வேட்டு. ஆனால் பொய்யைச் சொன்னால் விசில் கதை நிற்காது, பிள்ளைகள் திருடர்களாகவே நிற்பார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

“கணக்கு எடுக்கறதே நான்தான் மேடம்.”

“நீங்களா? எந்த அனுமதியில?”

“அனுமதியும் இல்ல மேடம், ஆளும் இல்ல. எனக்குக் கணக்கு சரியா வராது. திருத்தவும் தெரியாது. அதனாலதான் இதுங்களையே மாத்தித் திருத்த விட்டேன். தப்பு என்னோடது. இதுங்கள விட்ருங்க.”

“உங்க பள்ளிக்குக் கணக்கு ஆசிரியர் போட்டிருக்கே. எனக்கு நல்லாத் தெரியும்.”

“உங்களுக்கு ரொம்ப நல்லாத் தெரியும் மேடம். உங்க ஆபீஸ்லதான் இருக்காரு. இதோ நிக்கறாரே, இவருதான்.”

கணக்கு சார் மேஜை மேலிருந்த கேள்வித்தாள்களை அடுக்கத் தொடங்கினார். அவை ஏற்கனவே ஒழுங்காகத்தான் இருந்தன. அதிகாரியின் முகம் சிவந்தது. அவருடைய அலுவலகத்தின் அறிக்கைகளை எல்லாம் எழுதுகிற கை கணக்கு சாருடையது. அதை இத்தனை வருஷமும் விடாமல் பிடித்து வைத்திருந்தது அவரேதான்.

“நீங்கதான் எங்க கணக்கு சாரா?” என்றாள் வக்கீல்.

அவள் அதைக் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். கேட்டுவிட்டு எழுந்து நின்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். கண்ணீர் காயாத முகங்களோடு, எந்த ஆசிரியர் வந்தாலும் சொல்கிற அதே ராகத்தில், “வணக்கம் சார்” என்றார்கள். கணக்கு சார் அடுக்கிய கேள்வித்தாள்களைக் கலைத்து மறுபடியும் அடுக்கினார். டீச்சருக்கு அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று நாக்கு துடித்துக்கொண்டிருந்தது. அந்த வணக்கத்துக்கு மேல் கேட்க ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று.

அதிகாரி சுருக்கமாக முடித்தார். பிள்ளைகளுக்கு வேறு கேள்வித்தாள், மைதானத்தில் விசிலுக்குத் தடை, கண்காணிக்க அவரே உட்கார்ந்தார். அவர்கள் எழுதினார்கள், அதிகாரி அங்கேயே தாள்களைத் திருத்த வைத்தார். பிரமாதம் என்று சொல்ல முடியாது. தேறினார்கள், எட்டாம் வகுப்பு பிழைத்தது. வக்கீலின் தங்கை ஏழோடு நிற்க வேண்டியதில்லை. கணக்கு சார் வருகிற திங்கட்கிழமை தன் பள்ளிக்குப் போய்விட வேண்டும் என்று உத்தரவாயிற்று. பந்து டீச்சருக்கும் ஒரு உத்தரவு உண்டு. “இனிமே நீங்க கிரவுண்டோட நிக்கணும். சாக்கட்டியத் தொடக் கூடாது.”

ஜெயித்தவள் மாதிரிதான் வேனில் திரும்பினாள். வீட்டுக்கு வந்ததும் அழுதாள். புருஷன் பதறிப்போய், “வேலதான் போகலையே, எட்டாவதும் இருக்கு, அப்புறம் என்ன?” என்று கேட்டார். “என் வகுப்பு போயிடுச்சுங்க” என்றாள். வராத பாடத்தை விட்டதற்கு ஒருத்தி இவ்வளவு அழுவாளா என்று அவருக்கு விளங்கவில்லை. அவளுக்கே விளங்கவில்லை.

திங்கட்கிழமை கணக்கு சார் பஸ்ஸை விட்டு இறங்கினார். டீச்சர் மைதானத்தில் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே இன்னொரு குரலுக்குப் பிள்ளைகள் சேர்ந்து பதில் சொல்வது கேட்டது. பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. அவர் நன்றாக நடத்திவிடுவாரோ என்று பயமாக இருந்தது. நடத்தட்டும், பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பந்து வெடிக்கிற அளவுக்குக் காற்று ஏறியது.

கொஞ்ச நேரத்தில் உள்ளே குரல் மாறியது. ஒரு குரல் மூன்று சுவருக்கும் மாறி மாறிக் கத்தியது. பிறகு கரகரத்தது. அப்புறம் வக்கீலின் குரல் மட்டும் உயர்ந்து, “எப்படி சார்? எப்படி?” என்று கேட்டது.

இடைவேளையில் கணக்கு சார் வெளியே வந்தார். சட்டை முழுக்க வேர்வை. கை முழுக்கச் சாக்கட்டி. டீச்சர் எதிரில் வந்து நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“டீச்சர், கொஞ்சம் உள்ள வர்றீங்களா?”

“எனக்குக் கணக்கு வராது சார். உத்தரவும் இல்ல.”

“எனக்கும் மறந்துபோச்சு டீச்சர்.” குரல் பாதிதான் வந்தது. “இத்தன வருஷமா அறிக்கைதான் எழுதினேன். அந்தப் பொண்ணு ஒரு கணக்கு கேட்டுச்சு. எனக்குத் தெரியல.”

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். திட்ட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் நெஞ்சு வரை வந்தது. எதிரில் நின்ற ஆளோ, முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டிருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

“வாங்க சார். எட்டாம் வகுப்பு வரிசையில வக்கீல் பக்கத்துல ஒரு இடம் காலியா இருக்கு, அங்க உக்காந்துக்குங்க. அவ நல்லாச் சொல்லித் தருவா. கொஞ்சம் திட்டுவா, அதப் பொறுத்துக்கணும்.”

அவர் தலையாட்டினார். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அவள் பின்னாலேயே வகுப்புக்குள் போனார்.